ஓடாத காரும் நான் விட்ட வார்த்தையும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. நான் தருமபுரிக்கும் பென்னாகரத்துக்கும் நடுவே கரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கரி பஸ் என்றால் இன்றைக்குள்ளவர்களுக்குத் தெரியாது. பெட்ரோல் கூப்பனுக்குத்தான் என்று ஆன பிறகு, பஸ்ஸின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பீப்பாயை மாட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையிலேயே இன்ஜினை ஓட்டினார்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து விசிறத் தொடங்கினால்தான் நேரத்துக்குக் கிளம்ப முடியும். மேடு வந்தால் ஆட்களை இறக்கித் தள்ளச் சொல்ல வேண்டும். மாற்று டிரைவர்கள் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டதால் எனக்கு லீவு என்பதே கிடையாது. இருபத்தெட்டு வயதில் கிழவனைப் போல் இருமிக்கொண்டிருந்தேன். யாராவது இரண்டு வார்த்தை பேசினால்கூட எரிச்சல் வரும். அப்படி ஒரு அலுப்பு.

ஒரு நாள் காலை, தருமபுரிக்குப் பதினாலு மைல் இருக்கும்போது, ஒரு சின்ன ஊரின் பக்கத்தில் பஸ்ஸின் பின் ஆக்ஸில் முறிந்துபோனது. பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தார்கள். கண்டக்டர் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு கம்பெனிக்குத் தகவல் சொல்லப் போனார். நான் பஸ்ஸின் படியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். ஆக்ஸில் முறிந்ததில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட. அன்றைக்காவது தூங்கலாமே.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து வலியாம், குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். மலையோரத்து ஊரிலிருந்து இந்த பஸ்ஸைப் பிடிக்கத்தான் விடிய விடிய வந்திருக்கிறார்கள். அவள் புருஷன் சாய்ந்து நின்ற பஸ்ஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"பஸ்ஸு போவாதுங்களா?" என்றான்.

"போவாதுப்பா. ஆக்ஸில் போச்சு."

அவன் அப்படியே தரையில் குந்திவிட்டான். அவனுடைய அம்மா வண்டிக்குள்ளிருந்து, "மாடு ரெண்டும் நொர தள்ளுதுங்களே, இனி எப்பிடிப் போறது" என்று அழுதாள்.

அதற்குள் கூடிவிட்ட ஊர்க்காரர்களில் ஒருவர், "நம்மூர்ல ஒரு காரு கெடக்குதே" என்றார். உடனே பக்கத்தில் நின்ற பெண் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். "அந்தப் பேச்ச எடுக்காதீங்க. அவரு வூட்டுப் பக்கமே போவாதீங்க" என்றாள்.

ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கு இருந்த அலுப்பில் எந்தக் கதையையும் கேட்கப் பொறுமை இல்லை. நான் முன்பு சேலத்தில் ஒரு கார்ப் பட்டறையில் ஐந்து வருஷம் வேலை செய்தவன். கார் என்ற ஒரு சொல் மட்டும்தான் காதில் நின்றது.

வண்டியை நிறுத்த வேண்டாம், மெதுவாகப் போய்க்கொண்டே இருங்கள், கார் கிளம்பினால் வழியில் வந்து பிடித்துக்கொள்கிறோம் என்று அந்தப் புருஷனிடம் சொல்லி அனுப்பினேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. வாயில் நுரை தொங்கும் மாடுகளைத் தட்டிக்கொண்டு போனான்.

காரைப் பற்றிச் சொன்னவர் என்னை அந்த வீட்டுக்கு அழைத்துப் போனார். கார்க்காரருக்கு நாற்பது வயது இருக்கும். புளி, விறகு வியாபாரம் செய்து நன்றாக இருந்த மனிதர் என்று வாசலில் கிடந்த மூட்டைகளையும் விறகையும் பார்த்தால் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"அது செத்துப்போன வண்டி. வேணும்னா போய்ப் பாத்துக்குங்க" என்று பின்பக்கம் கை காட்டிவிட்டு, வாசல்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

பின்பக்கம் போய்ப் பார்த்த எனக்கு மனசு விட்டுப்போனது. எத்தனையோ நாசமான வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். தானாக நாசமாவது வேறு, அடித்து நாசமாக்குவது வேறு. அந்தக் காரை யாரோ அடித்திருந்தார்கள். முன் விளக்கு இரண்டும் உடைக்கப்பட்டிருந்தன. கடப்பாரையால் குத்திய ஓட்டைகள் கதவிலும் மட்கார்டிலும் இருந்தன. இன்ஜின் மூடியைப் பிடுங்கி எருமைக்குக் கழுநீர் ஊற்றும் தொட்டியாக்கியிருந்தார்கள். இரண்டு வருஷ மழையும் வெயிலும் நேராக இன்ஜின் தலையில் விழுந்திருக்கிறது. மேலே கோழி எச்சம், காற்றுக் குழாய்க்குள் அணில் கூடு, சக்கரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் செடி.

இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலை முன்னால் போட்டு அழுத்தினேன். கல்லைப் போல் நின்றது.

திரும்பிப் போய் பஸ் படியில் தூங்கலாமா என்று நினைத்தது நிஜம். ஆனால் அந்தப் புருஷன் தரையில் குந்தியது கண்ணுக்குள்ளேயே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "எதனா வேணுங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மண்ணெண்ணெய் வேண்டும் என்றேன். அதற்கும் ரேஷன்தான். இருந்தும் அந்த மனிதர் வீடு வீடாகப் போய், விளக்குகளில் இருந்ததையெல்லாம் வடித்து நாலைந்து புட்டி கொண்டுவந்துவிட்டார்.

பிளக்குகளைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக இன்ஜினுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றினேன். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, காரை கியரில் போட்டு நாலு பேர் முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டினோம். பதினைந்து இருபது தடவை ஆட்டிய பிறகு உள்ளே எங்கேயோ 'கரக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இன்ஜின் ஒரு விரல்கடை நகர்ந்தது. அப்புறம் ஒரு சாண். அப்புறம் முழுச் சுற்று. என்னால் நம்ப முடியவில்லை. கீழே இருந்த ஆயில் தார் மாதிரி உறைந்திருந்தது. அதை வழித்துவிட்டு, வேறு வழியில்லாமல் செக்கில் ஆட்டிய விளக்கெண்ணெயை ஊற்றினேன். காற்றுப் போயிருந்த டயரில் மூன்று, பம்ப் அடித்ததும் நின்றன. நாலாவதில் ட்யூப் கிழிந்திருந்தது. அந்த டயருக்குள் வைக்கோல் போன்ற ராகித் தாளைத் திணித்துக் கட்டினோம். ரேடியேட்டர் ஒழுகியது. தண்ணீரில் ஒரு கை ராகி மாவைக் கரைத்து ஊற்றினோம், பாதி அடைத்துக்கொண்டது.

பஸ்ஸின் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டினேன். காலையில் ஸ்டார்ட் செய்வதற்காகக் கம்பெனி கொடுக்கும் பெட்ரோல் ஒரு டின்னில் இருந்தது. எடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும். எடுத்து ஊற்றினேன்.

ஹேண்டில் அடித்து அடித்துத் தோள் கழன்றது. இன்ஜின் ஒரு இருமல்கூட இருமவில்லை. பிளக்கில் நெருப்பு நன்றாக வந்தது. பெட்ரோல்தான் இன்ஜினுக்கு வரவில்லை. குழாய் அடைத்திருக்கும் என்று டேங்கிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தேன். டிரைவர் காலடிக்கு மேலே, இருட்டில், ஒரு சின்னத் திருகு இருந்தது. அதை மூடினால் இன்ஜினுக்கு ஒரு சொட்டுப் பெட்ரோல் போகாது. அது இறுக மூடியிருந்தது.

குறட்டால் பிடித்துத் திருப்பியதும் பெட்ரோல் ஓடியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"எந்தப் புத்திசாலிங்க இது? பெட்ரோல மூடி வெச்சுட்டு வண்டி செத்துப்போச்சுன்னு போட்டு அடிச்சது? இன்ஜின்ல ஒரு கொறையும் இல்லீங்க. இந்தத் திருகத் தொறந்திருந்தா அன்னைக்கே ஓடியிருக்கும்!"

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஏதோ செய்துவிட்டேன் என்று புரிந்தது, என்ன என்று புரியவில்லை.

வாசல்படியிலிருந்து அந்த மனிதர் எழுந்து வந்தார். காருக்குள் தலையை விட்டு, "எது?" என்றார்.

காட்டினேன்.

"மூடியா இருந்துச்சு?"

"ஆமாங்க."

"வேற ஒண்ணும் இல்லியா?"

"வேற ஒண்ணும் இல்லீங்க" என்றேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அவர் அந்தத் திருகைத் தொட்டார். பிறகு என் கையிலிருந்த ஹேண்டிலை வாங்கிக்கொண்டு முன்னால் போனார். அவர் அடித்த அடியில் கார் முழுக்கக் குலுங்கியது. மூன்றாவது அடிக்கு இன்ஜின் பிடித்தது. பின் குழாயிலிருந்து துருவும் கரும்புகையும் பறந்தன. பக்கத்தில் நின்றவர்கள் கத்தினார்கள். அந்த மனிதர் மட்டும் ஹேண்டிலைப் பிடித்தபடி, ஓடுகிற இன்ஜினைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு குடம் தண்ணீரோடு அவரும் காரில் ஏறிக்கொண்டார். நான் ஓட்டினேன். ஐந்து மைல் தாண்டி அந்த வண்டியைப் பிடித்தோம். ஒரு மாடு ரோட்டில் படுத்துவிட்டிருந்தது. பெண்ணைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினோம். மாமியார் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். புருஷன் படியில் தொற்றிக்கொண்டான். பெட்ரோல் குறைந்ததும் சூடான இன்ஜினுக்கு மண்ணெண்ணெயையே கொடுத்தோம். ஒவ்வொரு மைலுக்கும் ஆவி கிளம்பும். நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்ற பயத்தில், இன்ஜினை ஓடவிட்டபடியே அவர் இறங்கித் தண்ணீர் ஊற்றுவார். கை வெந்தும் ஊற்றிக்கொண்டே இருந்தார். ராகித் தாள் டயர் பிய்ந்து கடைசி இரண்டு மைல் இரும்புச் சக்கரத்தில் போனோம். இன்ஜின் கடகடவென்று அடித்துக்கொண்டது, ஆனால் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நானும் அவரும் வெளியே மதில் ஓரம் உட்கார்ந்தோம். எனக்குக் கண் சொருகியது. அப்போதுதான் அவர் பேசினார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால எம் பொண்டாட்டியையும் இதே சீட்டுலதான் படுக்க வெச்சேன். டிரைவரு அந்த வாரந்தான் பட்டாளத்துக்குப் போயிருந்தான். எனக்கு ஓட்டத் தெரியும், அவ்ளோதான். ஒரு மணி நேரம் ஹேண்டில் அடிச்சேன். கெளம்பல. அப்புறம் மாட்டு வண்டில போட்டுட்டு வந்தோம். தருமபுரி கண்ணுக்குத் தெரியற எடத்துல உசுரு போச்சு."

எனக்குத் தூக்கம் எங்கோ போய்விட்டது. அந்தத் திருகை அந்த டிரைவர் தினமும் வண்டியை நிறுத்தும்போது மூடி வைத்திருப்பான். இவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டு வருஷம் அந்தக் காரைக் குற்றவாளியாக்கி அடித்துக்கொண்டிருந்தவரிடம், குற்றம் காரில் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

"அன்னைக்கு வேற கோளாறும் இருந்திருக்கும்ங்க. நான் அவசரத்துல சொல்லிட்டேன்" என்றேன்.

"வேணாங்க" என்றார் அவர். "எனக்காவப் பொய் சொல்ல வேணாம்."



மதியம் தாண்டி டாக்டரம்மா வெளியே வந்தார். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை, தாய் பிழைத்துக்கொள்வாள், இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் அவளும் இல்லை என்றார். அந்தப் புருஷன் அழுதுகொண்டே வந்து கார்க்காரர் காலில் விழப் போனான். இவர் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார். அவனைத் தோளைப் பிடித்து நிறுத்தி, "போய்ப் பொண்டாட்டிகிட்ட உக்காரு, போ" என்று மட்டும் சொன்னார்.

டவுனில் தெரிந்தவரிடம் ஒரு பழைய டயரும் இரண்டு புட்டி மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பினோம். பாதி வழியில், ஒரு மேட்டில், காரை நிறுத்தச் சொன்னார். "ஒவ்வொண்ணா சொல்லிக் குடுங்க" என்றார். இது எதற்கு, இது எதற்கு என்று ஒன்றையும் விடாமல் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, படிக்கிற பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னார். பிறகு அவரே இறங்கி ஸ்டார்ட் செய்து, அவரே ஊர் வரைக்கும் ஓட்டினார்.

அப்புறம் ஒரு மாதம் அந்த வழியாக பஸ் ஓட்டினேன். பார்த்தால் கையைத் தூக்குவார், அவ்வளவுதான். பிறகு என்னை மாரண்டஹள்ளி ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பெட்ரோல் எடுத்த விஷயத்தில் கம்பெனியில் என்னைத் திட்டியதோடு விட்டார்கள். நானும் அந்தக் கார்க்காரரிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்காமலே இருந்துவிட்டேன். கேட்டிருந்தால் அவர் அதையும் சுமக்க வேண்டியிருக்குமோ என்று ஒரு பயம்.

அதன் பிறகு நாற்பது வருஷம் வண்டிகளோடுதான் இருந்தேன். எவ்வளவோ கோளாறுகளைக் கண்டுபிடித்திருக்கிறேன். ஆனால் ஒரு தடவைகூட, யாருடைய தவறு என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, பக்கத்தில் நிற்பவரின் முகத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ளாமல் நான் பேசியதே இல்லை.