சாகப் போறவளுக்கு இவ்வளவு மூச்சா?

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பேர். வாய் கொஞ்சம் நீளம். எந்த ஃபிரேமைப் போட்டாலும் முகத்தைச் சுளிக்கிறவர்களிடம், "ஃபிரேமைத்தான் மாத்தித் தர முடியும், மூக்குக்கு நான் எங்கே போவேன்?" என்பாள். அப்பேர்ப்பட்ட வாய்க்காரி ஒரு சிரிப்புப் புத்தகத்தை வருஷக்கணக்கில் திறக்காமலே வைத்திருந்தாள்.

அது தங்கை கொடுத்தது. தங்கை ஓப்பரா என்கிற மேல்நாட்டுப் பாட்டு நாடகத்தில் பாடுகிறவள். ஊர் ஊராகப் போவாள். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அள்ளிப் போட்டதெல்லாம் அக்காதான். அப்பா போன மறுநாள் பெட்டியோடு வந்து நின்றவளிடம், "நீ பாடிட்டே இரு. இங்க நாங்க செத்துட்டே இருக்கோம்" என்று சொல்லிவிட்டாள். தங்கை கிளம்பும்போது இந்த நாவலை மேசையில் வைத்து, "சூனியம், இது உனக்குத்தான்" என்றாள். மேலட்டையில் ஓப்பரா அரங்கத்தின் சிவப்புத் திரை; அதன் முன்னால் துடைப்பமும் கையுமாக நாலு சூனியக்காரிகள்.

சூனியம் என்பது செல்லப் பேர். சின்ன வயதில் ஒரே கட்டிலில் போர்வைக்குள் நாடகம் போடுவார்கள். தங்கை பாட்டுக்காரி, அக்கா சூனியக்காரி. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தால், அப்பா எழுந்துவிடுவாரே என்று வாயைப் பொத்திக்கொண்டு கட்டில் சட்டத்தில் விரலால் தட்டுவார்கள். ஆனால் அன்றிருந்த எரிச்சலில் அந்தப் பேர் வசவாகத்தான் அக்கா காதில் விழுந்தது. புத்தகம் அலமாரிக்குப் போனது. பேச்சும் அத்தோடு நின்றது.

வருஷங்கள் கழித்து ஒரு நாள் கடையில், வருகிறவர்கள் கண்ணாடியை மாட்டிப் படித்துப் பார்க்கிற அட்டை கிழிந்துபோனது. சும்மா தூங்குகிற சாமான் இதற்காவது ஆகட்டும் என்று நாவலைக் கொண்டுவந்து போட்டாள். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் கண்ணாடியை மாட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

"எழுத்து தெளிவா தெரியுதா சார்?"

"இரும்மா. இந்தக் கிழவி என்ன பண்றான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மாட்டினார். அவரிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்குவதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து படித்தாள். மேடையில் கத்திக்குத்து பட்ட நாயகி பாடுகிறாள், பாடுகிறாள், பாடிக்கொண்டே இருக்கிறாள். மாடத்திலிருந்து மூத்த சூனியக்காரி எழுந்து, "ஏம்மா, சாகப் போறவளுக்கு இவ்வளவு மூச்சா?" என்று கத்திவிட்டு, மருந்துப் பையோடு மேடையேறிக் கட்டுப்போட ஆரம்பிக்கிறாள். இதுவும் நாடகம்தான் என்று ஜனங்கள் கைதட்டுகிறார்கள். அக்கா விலா வலிக்கச் சிரித்தாள்.

சட்டென்று சிரிப்பு நின்றது. தங்கை முதன்முதலில் மேடையேறிச் சாகிற வேஷத்தில் பாடிய அன்று அக்கா சொன்னதும் இதேதான். அதைக் கேட்டுத் தங்கை வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தாள். இதைப் படித்ததும் அவளுக்கு அக்கா ஞாபகம் வந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

"பாழாப்போனவளே" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இடையில் தங்கைக்குத் தொண்டையில் புற்று வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். தெரிந்தும் போய்ப் பார்க்கவில்லை. அவள் கணவனிடம் போனில் ரெண்டு வார்த்தை விசாரித்ததோடு சரி. போயிருக்க வேண்டும்.

இப்போது அவருக்கே போன் போட்டாள். "தம்பி, அவ காதுல வைங்க."

"அக்கா, அவளால பேச முடியாதே..."

"நான் பேசறேன். வைங்க."

சாரியெல்லாம் சொல்ல வரவில்லை. புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தைப் படித்தாள். "ஏம்மா, சாகப் போறவளுக்கு இவ்வளவு மூச்சா?" என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள்.

பிறகு டொக், டொக், டொக் என்று போனில் விரல் தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டிக்கொண்டே இருந்தது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். எழுந்துவிடுவாரே என்று பயப்பட அப்பா இல்லை. வாய்விட்டுச் சிரிக்கத் தங்கையிடம் குரல் இல்லை.