சுருளியம்மாள் போட்ட ஜாதிக்காய்ப் பற்று

சுருளியம்மாளுக்கு நாற்பது வயதில் கல்யாண ஆசை வந்ததற்குக் காரணம் ஈஸ்வரமூர்த்தியின் வயிற்றுப்போக்கு. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. நான் ராமலட்சுமி. வண்டிப்பெரியாரில் அவளுடைய டீக்கடைக்குப் பக்கத்துக் கடையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். எல்லாம் என் கண் முன்னால் நடந்தது. வேறு யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள்.

சுருளி தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டில் பிறந்து, விவரம் தெரிந்ததும் கொழுந்து கிள்ளப் போனவள். படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே தம்பிமாருக்குக் கல்யாணம் செய்து வைத்தாள். அவள் கல்யாணத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, அந்தத் தம்பிமார் உட்பட. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அவளுக்கோ கோபமே வராது. முட்டிவலி வந்ததும் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு டீக்கடை போட்டாள். கடைக்குப் பின்னால் ஒரு ஜாதிக்காய் மரம் நின்றது. அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை.

எதற்கெடுத்தாலும் ஜாதிக்காய்தான். பழத்தின் சதையை நறுக்கி ஊறுகாய் போடுவாள். பாகில் ஊறவைத்து சர்பத் கலக்குவாள். கொட்டையைச் சுற்றியிருக்கும் சிவப்புப் பத்திரியைக் காயவைத்து ஆட்டுக்கறிக் குழம்பில் போடுவாள். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு வரை மணக்கும். தூக்கம் வராதவருக்குச் சூடான பாலில் ஒரு சிட்டிகைத் தூள். தலைவலிக்காரருக்கு நெற்றியில் பற்று. "சிட்டிகைக்கு மேல போட்டா மண்ட கிறுகிறுத்துரும், ஆமா!" என்று மிரட்டலும் கூடவே வரும். நான் சும்மா தும்மினாலும் என் டீயில் அதைப் போட்டுவிடுவாள். எரிச்சலாக வரும். ருசியாகவும் இருந்து தொலைக்கும்.

ஈஸ்வரமூர்த்தி பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதிக்காரர். சொந்தத் தோப்புத் தேங்காயை பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு வாராவாரம் எங்கள் மலைக்கு வருவார். ஒருநாள் வழியில் கண்டதையும் தின்றுவிட்டு, முகம் வெளிறி, வயிற்றைப் பிடித்தபடி சுருளி கடை வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, இங்க பக்கத்துல... எடம் ஏதாச்சும் இருக்குங்ளா?"

சுருளி இடத்தைக் காட்டினாள். திரும்பி வந்தவருக்கு ஜாதிக்காயை உரைகல்லில் உரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். மறுபடி போனார், மறுபடி வந்தார், மறுபடி மோர். சாயங்காலம் வயிற்றுப்போக்கு நின்றது. மனுஷன் மட்டும் கிளம்பவில்லை. அடுத்த வாரம் வயிறு நன்றாக இருக்கும்போதே வந்து மோர் கேட்டார். பார்த்தீர்களா சங்கதியை!

அப்புறம் போன் பேச்சு. மெஷினை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் பேச்சே இருக்காது, வெறும் சிரிப்புதான். டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டாள். குடித்தவன் துப்பினான், அதற்கும் சிரித்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் யாருடைய ஜாக்கெட்டுக்கோ கை இரண்டையும் இடம் மாற்றித் தைத்துவிட்டேன்.

ஒரே ஒரு சிக்கல், அவருடைய அக்கா பூவாத்தாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். புருஷன் போன பிறகு தம்பியோடே இருக்கிறார். தம்பிக்கு வந்த பெண்களை எல்லாம் ஏதாவது ஒரு குறை சொல்லித் தட்டிக் கழித்தவர். "அக்கா செரின்னாத்தானுங்க" என்று ஈஸ்வரமூர்த்தி கையை விரித்துவிட்டார்.

"ஏட்டி, அந்த அக்கா வேண்டாம்னுட்டாகன்னா நான் ஒண்ணும் செத்துற மாட்டேன்" என்றாள் சுருளி. "ஆனா பெறவு இப்படிச் சிரிக்க மாட்டேன்."

அக்கா பெண் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து சுருளிக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒத்தாசைக்கு நானும் போயிருந்தேன். வீட்டைக் கழுவினாள், துடைத்தாள், இருந்த சாமானை எல்லாம் எங்கெங்கோ தூக்கி அடைத்தாள். கப்பை, அதுதான் மரவள்ளிக் கிழங்கு, அதை வேகவைத்தாள். அதற்குத் தொட்டுக்கொள்ள அம்மியில் காந்தாரி மிளகாயும் உள்ளியும் வைத்து நசுக்கி வழித்தாள். ஈஸ்வரமூர்த்தியின் வண்டிச் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

பூவாத்தாள் தலையைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். "குமுளி மலை வளைவுல சுத்திச் சுத்திக் கொடலே வெளிய வந்துருச்சு அம்மிணி. தல வெடிக்குது."

வியாதி என்று காதில் விழுந்ததும் சுருளி முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. "கொஞ்சம் பொறுங்கக்கா!" என்று உள்ளே பாய்ந்தாள். அடைத்து வைத்த சாமானில் உரைகல்லைக் காணோம். அவசரத்தில் அம்மியிலேயே பாலை விட்டு ஜாதிக்காயை உரைத்தாள். வழித்த விழுதைக் கிண்ணத்தில் கொண்டுவந்து, அக்காவின் நெற்றி நிறையப் பூசினாள். அக்கா கண்ணை மூடிச் சாய்ந்தார். நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"அய்யோ! எரியுதே! கொலகாரி, என்னத்தடி பூசுன?"

அக்கா எம்பிக் குதித்தார். நான் அடுப்படிக்கு ஓடி அம்மியைப் பார்த்தேன். காந்தாரி விதைகள் அம்மி முழுக்க ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தன. போச்சு, எல்லாம் போச்சு! குடத்துத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அவர் நெற்றியில் ஊற்றினேன்.

"ஈஸ்வரா, வண்டிய எடு! கெளம்பு!"

ஈஸ்வரமூர்த்தி மரமாக நின்றார். சுருளி என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். கிண்ணத்தில் மிச்சமிருந்த விழுதில் கையை விட்டு, தன் நெற்றி முழுக்க அப்பிக்கொண்டாள்.

"எனக்கும் எரியட்டும்க்கா. வேணும்னு செய்யல."

கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அது காந்தாரியாலா அழுகையாலா என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அந்த மனுஷன் அசைந்தார். கிண்ணத்தை வாங்கி, வழித்து, தன் நெற்றியிலும் தேய்த்துக்கொண்டார்.

"டேய், உனக்கென்னடா வந்துச்சு?" என்று அக்கா அலறினார்.

"நீங்க ரெண்டு பேரும் எரிஞ்சுட்டு நிக்கறப்ப நான் மட்டும் எப்புடிக்கா சும்மா... ஆத்தாடி!" என்றவர் கண் தெரியாமல் போய்க் கதவில் முட்டிக்கொண்டார்.

மூன்று சிவந்த நெற்றிகள். குடத்தில் கொஞ்சம் தண்ணீர். யார் தலையில் ஊற்றுவது என்று தெரியாமல் நான் சுற்றிச் சுற்றி வந்தேன். முதலில் சிரித்தவர் பூவாத்தாள்தான். அழுதுகொண்டே சிரித்தார். பிறகு நானும் சிரித்து, குடத்தைக் கீழே போட்டேன்.

"பொறந்ததுல இருந்து எம் பேச்சுக்குத் தலையாட்டறதத் தவர இவனுக்கு ஒண்ணுந் தெரியாது" என்றார், முந்தானையால் தம்பியின் முகத்தைத் துடைத்தபடி. "இன்னைக்குத்தான் தானா ஒண்ணு செஞ்சிருக்கான். அதுவும் கிறுக்கனாட்டம்."

அதே முந்தானையால் சுருளியின் முகத்தையும் துடைத்தார். சட்டென்று குரல் இறங்கிப்போனது.

"ஏனம்மிணி, நீ வந்தாலும் நான் அந்த ஊட்லதான் கெடப்பன். எனக்கு வேற போக்கெடம் இல்ல. உனக்குச் செரியா?"

அத்தனை பெண்களை அவர் எதற்காகத் தட்டிக் கழித்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுருளியால் கண்ணைத் திறக்க முடியவில்லை. துழாவித் துழாவி அவர் கையைப் பிடித்தாள்.

"நீங்க இல்லாம அங்க யாருக்குக்கா நான் வைத்தியம் பாப்பேன்?"

பூவாத்தாள் பதறிப்போய் ஒரு கையால் நெற்றியை மூடிக்கொண்டார். சுருளி பிடித்திருந்த இன்னொரு கையை விடுவிக்கவில்லை.