புத்தகத்துக்குள் தைத்த தாள்கள்

1965-இல் அந்தமானின் மாயாபந்தர் பள்ளியில் ஆயாவாக இருந்த நீலாவதிக்கு, ஆறாம் வகுப்பு அமுதம் அழுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சிறுமி இந்திப் புத்தகத்தின் ஓரத்தில் தமிழில் அர்த்தம் எழுதியதற்காகத் தலைமையாசிரியரிடம் திட்டு வாங்கியிருந்தாள். அடுத்த வருடம் வேறு பிள்ளைக்குப் போகவேண்டிய சர்க்கார் புத்தகம் அது.

நீலாவதி பொதுப்பணி ஆபீசில் கழித்துப்போட்ட டிரேசிங் தாள்களைக் கேட்டு வாங்கினாள். அளவாக வெட்டி, பக்கங்களுக்கு நடுவே புத்தகத்தின் முதுகோடு சேர்த்துத் தைத்தாள். அடியிலிருந்த எழுத்து நன்றாகவே தெரிந்தது.

"இதுமேல எழுதிக்கோ கண்ணு. கிதாப் அழுக்காகாது."

தலைமையாசிரியர் தாளைத் தூக்கிப் பார்த்தார். அச்சு சுத்தமாக இருந்தது. "பஹுத் அச்சா," என்று மெச்சினார்.

வருடக் கடைசியில் தாள்களைப் பிரிக்க வந்தவளை அமுதம் தடுத்தாள்.

"இருக்கட்டும் ஆயா. அடுத்து வர்ற பிள்ளைக்கும் புரியணுமில்ல?"

நீலாவதி கொண்டுவந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அந்தப் பெண்ணின் தலையை வருடிக்கொடுத்தாள்.