ஜோசப்பைத் தேடிய சனிக்கிழமைகள்

மார்செல் திபோவைக் கிளடிஸ் கட்டுவதற்கு ஒரே தடை அவளுடைய அப்பா மரியரட்ணம். பிரெஞ்சுக்காரன் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மார்செலும் தங்களைப் போலக் கத்தோலிக்கன், மிசிசாகாவில் நிரந்தர வேலை. அவர் கேட்டது வேறு.

"அவன் ஆற்றை பிள்ளை? பேரன் பூட்டன் ஆர்? ஆளறியாத இடத்திலை பொம்பிளை குடுக்கிறேல்லை. அதைச் சொல்லு, கோயிலுக்கு வந்து கைபிடிச்சுக் குடுக்கிறன்."

அது மார்செலுக்கே தெரியாது. இரண்டு வயதில் தாய் தகப்பனை இழந்து, ஒஷாவாவில் ஓர் ஆங்கிலக் குடும்பத்தில் வளர்ந்தவன். அவனிடம் இருந்தது தகப்பனின் தகப்பனான பேரனாரின் மரண நினைவட்டை மட்டுமே. ஜோசப் அடெலார் திபோ, பிறந்தது 1899. ஊர்கூட இல்லை.

தொண்ணூற்றாறு மார்கழியில் கிளடிஸ் தேடத் தொடங்கினாள். பாண் சுடும் தொழிற்சாலையில் ஐந்து நாள் நின்ற காலோடு சனிக்கிழமை தோறும் நூலகத்துக்குப் போனாள். பிரெஞ்சுக்காரர் வாழும் கியூபெக் மாகாணத்துக் கத்தோலிக்கக் கோயில்களின் பழைய பதிவேடுகள் அங்கே படச்சுருள்களாக இருந்தன. எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும். அப்படியே அடெலாருக்கு முன்னால் நின்ற ஜோசப்பைத் தகப்பன் என்று எடுத்துக்கொண்டாள். சுருளைச் சுற்றச் சுற்ற ஜோசப் திபோக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவருக்கும் அடெலார் என்றொரு மகன் இல்லை. நாலு மாதம் போயிற்று.

சித்திரையில் நூலகத்துப் பிரெஞ்சுக்காரி அவளுடைய தாளை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஞானஸ்நானத்தில் எங்கள் ஆண்பிள்ளைகள் எல்லோரும் ஜோசப், பெண்பிள்ளைகள் எல்லோரும் மரீ. கூப்பிடுகிற பெயர் அதற்குப் பின்னால்தான் வரும். என் மூன்று அண்ணன்மாரும் ஜோசப்தான். தகப்பன் வேறு யாரோ!"

கிளடிசுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதி நிரப்பிய கொப்பியைக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

பிறகு அடெலாரையே தேடினாள். மூன்று கிழமையில் தகப்பன் நெப்போலியன் கிடைத்தார், அவருக்கும் மேலே மூன்று தலைமுறை. ஆனால் நெப்போலியனின் கூடப்பிறந்த தம்பியின் குடும்பப் பெயர் லாஃப்ளேர் என்றிருந்தது. திபோ என்கிற லாஃப்ளேர் என்று அந்தக் குடும்பத்துக்கு இரண்டு பெயர். அண்ணன் ஒன்றை வைத்துக்கொண்டான், தம்பி மற்றதை.

மரியரட்ணம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் எழுதிக் கொடுத்த தாளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு வயித்துப் பிள்ளையளுக்கு ரெண்டு பேரோ? களவெடுத்துப்போட்டுப் பேர் மாத்தின ஆக்களாக்கும்."

கிளடிசுக்கு அதுவரை அடக்கியதெல்லாம் பொங்கி வந்தது.

"கீழை தபால்பெட்டியைப் போய்ப் பாருங்கோ அப்பா. உங்கடை தேப்பன்ரை பேரிலை நீங்கள் பஸ்ரியன், உங்கடை பேரிலை நான் மரியரட்ணம். ஒரு வீட்டிலை தேப்பனுக்கும் மகளுக்கும் ரெண்டு பேர். நாங்கள் ஆரிட்டைக் களவெடுத்தனாங்கள்?"

"அது எங்கடை வழக்கம்."

"உது அவையின்ரை வழக்கம்! அஞ்சு மாசமா என்ரை சனிக்கிழமையெல்லாம் போட்டுது. அவன்ரை பூட்டனுக்குப் பூட்டனைச் சொல்லட்டே? உங்கடை பூட்டன்ரை பேரை நீங்கள் சொல்லுங்கோ பாப்பம்."

மரியரட்ணம் தகப்பன் பஸ்ரியன் வரை விரல் மடித்தார். அதற்கு மேலே ஒரு பெயரும் வரவில்லை. தாளை மடித்து மேசையில் வைத்தார்.

"கோயிலுக்கு வாறன்," என்றார் கடைசியில். "கைபிடிச்சுக் குடுக்கிறதைப் பற்றி இப்ப கேளாதை."

கிளடிஸ் கேட்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இத்தனை பாடுபட்டும் கிடைத்தது பாதிதான் என்ற எரிச்சலில் அன்றிரவு அவள் சாப்பிடவும் இல்லை.