தொண்ணூறு சுற்று

செல்போன் ரிப்பேர் கடையில் ஈயம் உருகும் வாசனை. இந்த வயசிலும் அது என்னைச் சிறுமியாக்கிவிடுகிறது.

யுத்தகாலத்து மாதுங்கா. லைசென்ஸ் இல்லாத ரேடியோ அகப்பட்டால் ஜெயில் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனாலும் ஞாயிறு மத்தியானம் அப்பாவும் அவர் ஆபீஸ் சிநேகிதர் மணி மாமாவும், தாங்களே செய்த ரேடியோக்களைப் பரப்பிக்கொண்டு, ஈயம் உருக்கிப் பற்றவைக்க உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு ஞாயிறு, அப்பா அம்மாவின் அப்பளக் குழவியிலேயே செம்புக் கம்பியைச் சுற்றியிருந்தார்.

"எத்தனை சுத்து சுத்தினேள்?" என்றார் மாமா.

"தொண்ணூறு. பாட்டு கணீர்னு கேக்கறது."

"அதான். நான் எழுபதோட நிறுத்திட்டேன், வெறும் இரைச்சல்."

அப்போது கதவு தட்டும் சத்தம். அம்மா திறந்தாள். போலீஸ்காரர்! மாமா தன்னுடையதைத் துண்டால் மூடினார். அப்பா குழவியை பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மடியில் போட்டார். பாவாடையை இழுத்து மூடிக்கொண்டேன். கம்பி முனை தொடையில் குத்தியது.

வந்தவர் ஈய வாசனையை மோந்து பார்த்தார். கதவை மெதுவாகச் சாத்தினார். சட்டைக்குள்ளிருந்து கைக்குட்டையில் பொதிந்த ஒரு சோப்பு டப்பாவை எடுத்தார். அதைச் சுற்றிலும் செம்புக் கம்பி.

"ஒண்ணுமே கேக்கலை. எத்தனை சுத்து சுத்தணும்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"எங்களுக்கு அதெல்லாம் தெரியாது, சாஹேப்" என்றார் அப்பா.

அவர் டப்பாவைத் திரும்பப் பொதிந்துகொண்டு போய்விட்டார். வேவு பார்க்க வந்தாரா, நிஜமாகவே கேட்க வந்தாரா, இன்றுவரை தெரியாது.

"க்யா ஹுவா, மாஜி?" என்ன ஆச்சு என்று கேட்கிறான் செல்போன் கடைக்காரன்.

"தொண்ணூறு" என்கிறேன்.