நைரோபிக்கு முன் ஒரு வேப்பிலைக் கொத்து

நைரோபிக்குப் போகிறேன் என்று அலுவலகத்தில் சொன்னபோது என் குரல் நடுங்கவில்லை. நடுக்கத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளப் பள்ளியிலேயே பழகியிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பயந்ததாக யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற வீம்பு அப்போதே வந்துவிட்டது.

மீன் விற்கும் பெண்களின் சங்கம் ஒன்றில் வேலை செய்கிறேன். பல நாட்டு மீன்காரப் பெண்கள் நைரோபியில் கூடும் கூட்டத்தில் எங்கள் சங்கத்தைப் பற்றி நான் ஆங்கிலத்தில் பேச வேண்டும். அதுவரை நான் விமானத்தில் ஏறியதே இல்லை. சென்னையில் ஏறி, வளைகுடா நாடு ஒன்றில் இறங்கி, வேறு விமானம் பிடிக்க வேண்டும். அந்த வளைகுடா விமான நிலையத்தின் வரைபடத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு உள்ளேயே ரயிலில் போக வேண்டுமாம். தப்பான ரயிலில் ஏறிவிட்டால்? அதிகாரி கேட்பது புரியாமல் போனால்? வரைபடத்தை மூடும்போது உள்ளங்கை ஈரமாக இருக்கும்.

பக்கத்து வீட்டு அத்தை எங்கள் மீனவர் ஊரான வைத்திக்குப்பம் முழுக்கச் செய்தியைப் பரப்பியிருந்தார். "ரோட்லயே சிங்கம் போவுமாமேடி?"

"மாமாவோட கொறட்டைய விடவா அது உறுமும் அத்த?" என்றேன். தெருவே சிரித்தது. சிங்கத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. உயரமான கட்டடங்களும் போக்குவரத்து நெரிசலும் உள்ள தலைநகரம் அது என்று தெரியும். என் பயமெல்லாம் அந்த ரயில்தான்.

அங்கே போய்வர மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். சென்னைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். சில நாளில் உடம்பு சுட்டது. சுடலாம் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். வெயிலில் முதுகெல்லாம் வேர்க்குரு வேறு. அம்மா என் முதுகைப் பார்த்தார். வெளியே போய் வேப்பிலை ஒடித்துவந்து வாசலில் செருகினார்.

"அம்மா, இது வேர்க்குரு. காய்ச்சல், போட்ட ஊசியால வந்தது."

"அப்டிப் பேசாதடி. ஆத்தா வந்திருக்கா."

அன்றிலிருந்து வீட்டில் தாளிக்கவில்லை. மீன் வாசம் கூடாது என்பதால் அம்மா வியாபாரத்துக்குப் போகவில்லை. கூடை சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. அம்மை கண்டவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வாசற்படி தாண்டக் கூடாது. விமானத்துக்கோ ஆறு நாள்தான் இருந்தது.

முதல் நாள் அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். மறுநாள் அரைமனதாகச் சொன்னேன். பிறகு சொல்லவில்லை. வேப்பிலை மேல் படுத்தபடி யோசித்தேன். தண்ணீர் ஊற்றுவது தள்ளிப்போய் விமானம் தவறினால் யாரும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல மாட்டார்கள். ஆத்தா வந்திருந்தாள் என்பார்கள். அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்றால் போதும். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

காய்ச்சல் விட்டது. அம்மா என் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"எறங்கிட்டா. நாளைக்குத் தண்ணி ஊத்திடறேன்."

"இன்னும் அசதியா இருக்கும்மா. அடுத்த வாரம் ஊத்தலாமே."

அம்மாவின் கை முதுகிலேயே நின்றது. "வேர்க்குருன்னு சண்ட போட்டவ நீதானே?"

நான் திரும்பவில்லை.

"பயமா இருக்காடி?"

"ஆமாம்மா." பயம் என்று அதற்குமுன் அம்மாவிடம் ஒப்புக்கொண்டதாக எனக்கு நினைவே இல்லை. "நடுவுல எறங்கி மாறணும். தொலைஞ்சிட்டா யாரக் கேக்கறது?"

அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "வெயில்ல கூடை தூக்கினவ நான். எனக்கு வேர்க்குரு தெரியாதா?"

"அப்புறம் எதுக்கும்மா வேப்பிலை?"

"ஊட்டுலயே இருந்துடுவியேன்னுதான். அத்தந்தூரம் ஒண்டியா போறியே, சோறு எறங்கல எனக்கு." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஆனா ஆத்தா பேரச் சொல்லிட்டேன். சொன்னதுக்குத் தண்ணி ஊத்தித்தான் ஆவணும். ஊத்தாம வெச்சிருந்தா நல்லதில்ல."

மறுநாள் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட அண்டா வெயிலில் காய்ந்தது. உச்சிவேளையில் அம்மா என்னைத் துவைக்கும் கல்லில் உட்காரவைத்தார். தலையில் ஊற்றிய தண்ணீர் தோளில் வழிந்தது. தண்ணீர் சூடாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்குப் பல் கிட்டியது.

தலையைத் துவட்டிவிட்டு அம்மா போய்க் கூடையை நிமிர்த்தினார். நான் பெட்டியைத் திறந்தேன். துணி மடிக்கும்போதும் கை நடுங்கியது. இந்த முறை அதை மறைக்கவில்லை.