நந்தியாற்றில் விட்ட எலுமிச்சம்பழம்

நந்தியாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கப் பாலத்தில் நிற்பார்கள். மற்ற நாட்களில் அது மணலும் முள்ளுமாகக் கிடக்கும். இந்த ஐப்பசியில் நல்ல மழை. வெள்ளம் அடங்கித் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதுமே என் மகளுக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. கல்லூரியில் புவியியல் படிக்கிறாள். ஓடுகிற ஆற்றின் அகலம், ஆழம், வேகம் மூன்றையும் தானே அளந்து எழுதித் தர வேண்டுமாம். கூட வரவேண்டிய தோழி காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

"நைனா, இன்னிக்கி உட்டா தண்ணி வடிஞ்சிடும். அப்பறம் போன வருஷத்துப் பசங்க மாதிரி ஆறு வறண்டு கிடந்துச்சின்னுதான் எழுதணும். நீ வா."

"நான் அஞ்சாங்கிளாஸு. அங்க வந்து இன்னாமா பண்ணுவேன்?"

"கயிறு புடி. நான் சொல்லும்போது கத்து. அவ்ளோதான்."

கயிறு பிடிப்பேன். கத்துவதுதான் ஆகாது. பந்தியில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கக் கூச்சப்பட்டு வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து வருகிறவன் நான். இருந்தாலும் காய்கறி ஏற்றும் என் வண்டியில் நைலான் கயிறு, மூங்கில் கழி, ஒரு பை எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

அகலமும் ஆழமும் சுலபமாக முடிந்தன. ஆற்றின் குறுக்கே கயிற்றைக் கட்டி, கோடு போட்ட கழியை அடிக்கு அடி ஊன்றிக்கொண்டே போனேன். ஒரு கரையில் முழங்கால் நனைந்தது, நடுவில் இடுப்பு நனைந்தது. ஆற்றுக்கு அடியில் இப்படி ஒரு பள்ளமும் மேடும் இருப்பது, பிறந்ததிலிருந்து இங்கே இருந்தும், காய்ந்து கிடக்கையில் எனக்குத் தெரிந்ததில்லை. எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது.

அடுத்தது வேகம். கொஞ்சம் கீழே இன்னொரு கயிறு கட்டினோம். அவள் மேல் கயிற்றில் பழத்தை விட்டு செல்போனில் நேரத்தைத் தொடங்குவாள். பழம் கீழ்க் கயிற்றைத் தாண்டும்போது நான் கத்த வேண்டும். முதல் பழம் தாண்டியது. பாலத்தில் அத்தனை பேர் நிற்கிறார்களே என்று கையை மட்டும் தூக்கினேன்.

"நான் போனைப் பாப்பனா, உன் கையைப் பாப்பனா? வாயைத் தொறந்து கத்து நைனா!"

அடுத்த பழம் செம்மண் தண்ணீரிலும் நுரையிலும் எங்கே போனதென்றே தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வண்டியில் சாமி படத்துக்கு முன்னால் குங்குமம் இருக்கிறது. சும்மா தடவினால் கரைந்துவிடும் என்று தேங்காயெண்ணெயில் குழைத்து எல்லாப் பழத்துக்கும் பூசினேன். பளிச்சென்று தெரிந்தன. "சூப்பர் நைனா!" என்று அவள் குதித்தாள். பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தோன்றும் என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அவள் விட்ட பழம் மிதந்து போனது. கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி, "ஐயையோ!" என்று புடவையை அள்ளிக்கொண்டு கரையேறினாள்.

"யோவ்! யாரு ஊட்டுப் பீடையைக் கழிச்சி எங்க மேல உடற? நாங்க தண்ணியில நிக்கறது கண்ணு தெரியல?"

துவைத்துக்கொண்டிருந்த மற்றவர்களும் ஏறிவிட்டார்கள். பாலத்திலிருந்து ஒரு ஆள், "இன்னொரு பழத்தை உட்டுப் பாரு, கயிறை அறுத்துடறேன்" என்றபடி இறங்கி வந்தான். என் மகள் வேகம், வினாடி, பாடம் என்று என்னென்னவோ சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை. அவள் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. நேரமோ பொழுது சாய்கிற நேரம்.

என் கையில் குங்குமம் பூசிய பழம் ஒன்று இருந்தது. அப்படியே கடித்தேன். குங்குமமும் எண்ணெயும் தோலின் கசப்பும் சேர்ந்து கண்ணில் தண்ணீர் வந்தது. மென்றுகொண்டே அந்த அம்மாவிடம் சொன்னேன்:

"கழிப்புப் பழமா இருந்தா நான் துன்னுவனாக்கா? தண்ணி எவ்ளோ வேகமா ஓடுதுன்னு பாக்கறோம். எம்பொண்ணு காலேஜுக்கு."

அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "உப்பாவது எடுத்தாந்தியாய்யா?"

கயிற்றை அறுக்க வந்தவனும் சிரித்துவிட்டான். "அப்ப உடு பாப்பா, நாங்களும் பாக்கறோம்."

என் மகள் பழத்தை விட்டாள். அது பாதி தூரம் வருவதற்குள் கரை முழுக்க "வந்துச்சி, வந்துச்சி!" என்று கூச்சல்.

"யாரும் கத்தாதீங்க! எங்க நைனா மட்டும்தான் கத்தணும்!"

எல்லோரும் வாயை மூடினார்கள். பாலமே என்னைப் பார்த்தது. "மலை மேல அரோகரா போடுவ இல்ல? அப்டிக் கத்து" என்றாள் அந்த அக்கா.

அடுத்த பழம் சிவப்பாகச் சுழன்றுகொண்டு வந்தது. கயிற்றின் நிழலைத் தொட்டது. தாண்டியது.

"வந்துச்சீ!"

என் குரல் பாலத்தில் மோதித் திரும்பி வந்தது. எனக்கே அது வேறு யாரோ போட்ட சத்தம் மாதிரி இருந்தது.

"கெடச்சிடுச்சி நைனா!" என்று அவள் போனைத் தலைக்கு மேலே தூக்கினாள். "நடு ஆறு முடிஞ்சிது. அந்தக் கரை ஓரம் பாக்கி."

நான் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அதற்குள் பாதி ஆறு தாண்டியிருந்தேன்.